மாட்டுக்கு அறுவைச் சிகிச்சை: கத்தி படுமுன் போடும் ஊசி

மாமல்லபுரம் சென்று வந்த அன்பர்கள் கிருஷ்ண மண்டபத்துப் பாறையில் செதுக்கியுள்ள பால் கறக்கும் காட்சியைக் கண்டிருப்பார்கள். ஒருவர் குந்தியமர்ந்து கறக்க, பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்தச் சிற்பி கறவை மாட்டின் குணத்தை நன்கு அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். மண்டபத்தை விட்டுக் கடைத்தெருப் பக்கம் வந்தால் வேறொரு காட்சியையும் காணலாம். சுற்றுலா வந்தவர்கள் எறிந்துவிட்டுப் போன உணவுப் பொட்டலத்தை, அதைச் சுற்றிய பாலித்தீன் பையோடு சேர்த்து மாடுகள் விழுங்கும்.

சோறு செரித்துவிடும், பை செரிக்காது. அது பெருவயிற்றிலேயே தங்கி, பின்னால் வரும் பைகளோடு கயிறு போல முறுக்கிக் கொள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு பக்கமும் கட்டட வேலை நடக்கும் இடங்களில் மேயும் மாடுகளுக்கு மற்றொரு ஆபத்தும் உண்டு. அங்கே சிதறிக் கிடக்கும் கட்டுக்கம்பித் துண்டுகளும் ஆணிகளும் புல்லோடு உள்ளே போய்விடுகின்றன. ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடு நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கிவிடும். விழுங்கிய கம்பி தேன்கூடு போன்ற இரண்டாம் வயிற்றில் தங்கி, அதற்கு முன்னாலுள்ள இதயத்தையே குத்தவும் கூடும். இவற்றோடு, கலப்பினக் கிடேரிகளுக்குத் தலைச்சன் ஈற்றில் கன்று பெரிதாகிச் சிசேரியன் செய்ய வேண்டி வருவதும் உண்டு.

இவற்றில் பலவற்றுக்குக் கத்தி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. நம் கால்நடை மருத்துவர்கள் இத்தகைய அறுவையில் கைதேர்ந்தவர்கள். 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, இன்று வேப்பேரியில் பெரிய மருத்துவமனையோடு இயங்கி வருகிறது. 2019 அக்டோபரில் திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு பசு அங்கே கொண்டு வரப்பட்டது. கன்று ஈன்று சில வாரங்களே ஆகியிருந்தும் பால் மிகக் குறைந்துவிட்டது. வலி தாங்காமல் காலால் வயிற்றை உதைத்துக் கொண்டிருந்தது. மருத்துவர்கள் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் அறுவை செய்து, அதன் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் தடை வந்தது அதே ஆண்டு ஜனவரி முதல் தேதியில்தான். மாட்டின் வயிற்றுக்கு அரசாணை தெரியாது.

இத்தனை பெரிய அறுவையை மாடு தாங்குகிறது. ஆனால், "அறுவை நன்றாகத்தான் நடந்தது, ஐந்தாம் நாள் சீழ் பிடித்து மாடு போய்விட்டது" என்று ஒரு விவசாயி சொல்லக் கேட்காத கால்நடை மருத்துவர் இருக்க மாட்டார். ஒன்றிரண்டு பசுக்களை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்கு இது சிறிய இழப்பல்ல. இந்த இழப்பைத் தடுப்பதில் பெரும் பங்கு ஓர் ஊசிக்கு உண்டு. அந்த ஊசியைப் போட வேண்டிய நேரம் கத்தி படுவதற்கு முன்பு என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

சீழ் எங்கிருந்து வருகிறது?

"புண்ணே இன்னும் உண்டாகவில்லை. அதற்குள் எதற்கு ஊசி? அறுத்துத் தைத்த பிறகு நான்கு நாள் போட்டால் போதாதா?" என்று பல விவசாயிகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. இதற்கு விடை காண, சீழ் எப்படிப் பிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாட்டின் தோலிலும் மயிரிலும், தொழுவத்து மண்ணிலும், சாணத்திலும் நோய்க் கிருமிகள் எப்போதும் இருந்துகொண்டே இருக்கின்றன. பெருவயிற்றில் உள்ள நீரில் ஒரு மில்லியை எடுத்தால் அதில் பல நூறு கோடி நுண்ணுயிர்கள் இருக்கும். வைக்கோலைச் செரிக்க வைப்பவை அவைதாம். அவை வயிற்றுக்குள் இருக்கும் வரை நமக்கு நண்பர்கள். அறுவையின்போது ஒரு கரண்டி அளவு வயிற்று நீர் வயிற்றறைக்குள் சிந்தினால் அவையே எதிரிகள்.

தோலைக் கீறிய அந்த நிமிடத்திலேயே கிருமி உள்ளே நுழைகிறது. எவ்வளவு கழுவினாலும், எவ்வளவு கிருமிநாசினி தடவினாலும், ஒரு கிருமிகூட நுழையாமல் தடுக்க யாராலும் முடியாது. மனிதருக்கான பெரிய மருத்துவமனைகளில்கூட முடியாது. நல்ல உணவும் சூடும் கிடைத்தால் ஒரு பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகும். இதே வேகத்தில் போனால் ஆறு மணி நேரத்தில் ஒன்று 2,62,144 ஆகும். வட்டிக்கு வட்டி போடுகிறவனின் கணக்கும் இதைவிடச் சிறியதுதான். உடம்பின் எதிர்ப்புச் சக்தி காரணமாகப் புண்ணில் இந்த வேகம் குறையும் என்றாலும், போக்கு இதுவே.

இன்னொன்றும் நடக்கிறது. கீறிய இடத்தில் இரத்தம் வடிந்து உறைகிறது. உறைந்த இரத்தக் கட்டியும் நசுங்கிய தசையும் கிருமிக்குத் தீனியாகவும் கோட்டையாகவும் அமைகின்றன. ஊசி மருந்து இரத்த ஓட்டத்தின் வழியாகத்தான் எங்கும் போக வேண்டும். உறைந்துபோன கட்டிக்குள் இரத்த ஓட்டம் ஏது? நான்கைந்து மணி நேரம் கழித்துப் போடும் ஊசி அந்தக் கோட்டையின் வாசலிலேயே பெரும்பாலும் நின்றுவிடும்.

கத்தி படும்போதே இரத்தத்தில் மருந்து நிறைந்திருந்தால் நிலைமை தலைகீழ். அப்போது வடியும் இரத்தத்திலும் மருந்து இருக்கும். அது உறைந்து உண்டாகும் கட்டியிலும் மருந்து இருக்கும். நுழைந்த கிருமி பெருகுவதற்கு முன், ஒன்றும் இரண்டுமாக இருக்கும்போதே அழிந்துவிடும்.

மூன்று மணி நேரக் கணக்கு

இது வெறும் ஊகமன்று. 1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவர் இதைச் சோதித்துக் காட்டினார். அவர் கினிப் பன்றிகளின் தோலில் சீழ்க் கிருமியைச் செலுத்தி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்தார். மருந்துக் கடைகளில் 'ஆன்டிபயாடிக்' என்று சொல்கிறோமே, அதுதான் நுண்ணுயிர்க்கொல்லி. கிருமி நுழையுமுன் கொடுத்தபோது புண் மிகச் சிறியதாக இருந்தது. நுழைந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது பயன் குறைந்துகொண்டே வந்தது. மூன்று மணி நேரத்துக்குப் பின் கொடுத்தவற்றுக்கும், மருந்தே கொடுக்காதவற்றுக்கும் வேறுபாடு இல்லாமல் போயிற்று.

மனிதரில் என்ன ஆகிறது என்பதை 1992இல் அதே நாட்டின் சால்ட் லேக் சிட்டி நகர மருத்துவமனையில் 2,847 அறுவை நோயாளிகளிடம் கணக்கெடுத்தார்கள். அறுவைக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி போடப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 6 பேருக்கே புண்ணில் சீழ் வைத்தது. அறுவை தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் போடப்பட்டவர்களில் இது 14. அதற்கும் பின்னால் போடப்பட்டவர்களில் 33. விவசாயிகள் கவனிக்க வேண்டிய நான்காவது எண்ணும் இதில் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கும் வெகு முன்னதாக, சிலருக்கு முந்தைய நாளே, போட்டுவிட்டவர்களில் ஆயிரத்துக்கு 38 பேருக்குச் சீழ் பிடித்தது. பிந்திப் போடுவது மட்டுமல்ல, மிக முந்திப் போடுவதும் வீண்தான்.

நெல் நட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. களை முளைக்குமுன் போடும் களைக்கொல்லியை நட்ட சில நாளுக்குள், வயலில் சிறிது தண்ணீர் நிறுத்திப் போடுகிறோம். நாற்றங்காலிலேயே போட்டுவிட்டு வந்தால் பயனில்லை. களை நான்கு இலை விட்ட பின் அதே மருந்தை இரு மடங்கு போட்டாலும் பயனில்லை. மருந்து அதேதான்; பலன் தருவது போடும் நாள். அறுவைக்கு முந்திய ஊசியும் அப்படியே.

உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டியிலும், தேவைப்படும் அறுவைகளுக்குக் கத்தி படுமுன் இரண்டு மணி நேரத்துக்குள், மருந்தின் தன்மைக்கேற்ப நேரம் பார்த்து, ஊசி போட வேண்டும் என்றே கூறப்பட்டுள்ளது. உங்கள் வீட்டில் யாருக்கேனும் அறுவை நடந்திருந்தால், அறுவை அறைக்குக் கொண்டு போகுமுன் செவிலியர் ஓர் ஊசி போட்டது நினைவிருக்கும்.

மாட்டில் நேரம் பார்ப்பது எப்படி?

மாட்டுக்கு நேரம் பார்ப்பது மனிதருக்குப் பார்ப்பதைவிடச் சற்றுக் கடினம். மனிதருக்கு இரத்தக் குழாயில் ஊசி போடுகிறார்கள். சில நிமிடங்களில் மருந்து உடம்பெங்கும் பரவிவிடுகிறது. மாட்டுக்குப் பெரும்பாலும் தசையில் போடுகிறோம். அதிலும் பால் போல் வெண்மையாக இருக்கும் புரோகெய்ன் பெனிசிலின் போன்றவை தசையிலிருந்து மெல்ல மெல்லத்தான் இரத்தத்தில் கலக்கும். உச்ச அளவை எட்டச் சில மணி நேரம்கூட ஆகலாம். இதைப் போட்ட ஐந்தாம் நிமிடத்தில் கத்தி எடுத்தால், ஊசி போட்டும் போடாத கதைதான். ஆகவே மருத்துவர் தசையில் போடும் மருந்தைத் தேர்ந்தெடுத்தால் அதை முன்கூட்டியே போட்டுவிட்டுக் காத்திருப்பார். அவசர அறுவையாக இருந்தால் இரத்தக் குழாயில் போடத்தக்க மருந்தைத் தேர்ந்தெடுப்பார். "வந்தவர் ஊசி போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே" என்று அவசரப்படுத்தாதீர்கள். அந்தக் காத்திருப்பும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

அறுவை நெடுநேரம் நீண்டால் மருந்தின் அளவு இரத்தத்தில் குறைந்துகொண்டே வரும். விரைவில் கரைந்து வெளியேறும் மருந்தாக இருந்தால் நடுவிலேயே மறுபடியும் ஓர் ஊசி தேவைப்படும். மேலே சொன்னது போல ஐந்து மணி நேரம் ஓடும் அறுவைகளில் இதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.

ஊசியின் அளவு மாட்டின் எடையைப் பொறுத்தது. எடையைக் குறைத்து மதிப்பிட்டால் மருந்து குறையும். கிருமி பிழைத்துக் கொள்ளும். கிராமத்தில் மாட்டை நிறுக்கத் தராசு கிடையாது. ஆனால் தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளக்கவும். பிறகு தோள் முனையிலிருந்து பின்புற இருப்பெலும்பின் முனை வரை நீளத்தை அளக்கவும். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வரும் தொகையை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை ஏறத்தாழக் கிலோவில் கிடைக்கும். நெஞ்சுச் சுற்றளவு 66 அங்குலம், நீளம் 55 அங்குலம் என்றால் 66 × 66 × 55 ÷ 660 = 363 கிலோ. மருத்துவர் வருவதற்குள் இதை அளந்து ஒரு தாளில் எழுதி வைத்தால் அவருக்குப் பெரிய உதவியாக இருக்கும். நிறைசினை மாட்டிலும் வயிறு ஊதிய மாட்டிலும் இந்தக் கணக்குச் சற்றுத் தப்பும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவும்.

எல்லா அறுவைக்கும் வேண்டுமா?

வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'ஊசி போடாத மருத்துவம் மருத்துவமா?' என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி இருக்கிறது.

காளைக் கன்றுக்குக் காயடிக்கும் இடுக்கி கொண்டு காயடித்தால் தோல் கிழிவதே இல்லை. அங்கே நுண்ணுயிர்க்கொல்லிக்கு வேலையில்லை. சுத்தமான இடத்தில், சுத்தமான கருவி கொண்டு, சில நிமிடத்தில் முடியும் சிறு அறுவைகளுக்கும் பெரும்பாலும் தேவைப்படாது. ஏற்கெனவே சீழ் கட்டிப் பழுத்த கட்டிக்கு முதல் மருத்துவம் அதைக் கீறிச் சீழை வடித்துவிடுவதே. பெருவயிற்றைத் திறப்பது, சிசேரியன் செய்வது, காம்பில் விழுந்த ஓட்டையை அடைப்பது, கன்றின் தொப்புள் குடலிறக்கத்தைத் தைப்பது, கொம்புப் புற்றுக்காகக் கொம்பை அடியோடு எடுப்பது போன்றவற்றில்தான் முன்கூட்டிய ஊசியைப் பற்றி மருத்துவர் சிந்திப்பார். கொம்பு நம் கண்ணுக்கு வெளியே தெரியும் உறுப்பாக இருந்தாலும், அதன் உட்புறக் குழி நெற்றி எலும்பின் அறையோடு சேர்ந்தது. அங்கே சீழ் பிடித்தால் ஆற வெகு நாளாகும்.

கன்று வயிற்றிலேயே இறந்து அழுகிவிட்ட சிசேரியன் இதில் சேராது. அங்கே கிருமி ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. அந்த மாட்டுக்குப் போடும் ஊசியை நோய்க்கான சிகிச்சை என்றே கொள்ள வேண்டும். மருத்துவர் சொல்லும் நாள் வரை அதைத் தொடர வேண்டும். ஈற்று வலி வந்து இரவெல்லாம் கையை விட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, விடிந்த பிறகு மருத்துவரைத் தேடி ஓடும் வழக்கம் இன்னும் முழுவதும் மறையவில்லை. கழுவாத கை ஒவ்வொரு முறையும் உள்ளே போகும்போது கிருமியும் கூடவே போகிறது. முன்கூட்டிய ஊசிக்குரிய நல்ல நேரம் அந்த இரவிலேயே கழிந்துவிடுகிறது. பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரம் ஆகியும் கன்று வெளிவராவிட்டால் உடனே ஆள் அனுப்புங்கள். 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம்.

வில்வாத ஜன்னி எனப்படும் டெட்டனஸ் பற்றியும் ஒரு சொல். அதன் கிருமி மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். குதிரைக்கும் ஆடுகளுக்கும் இந்நோய் எளிதில் வரும். ஆட்டுக்கிடாய்க்குக் காயடிக்கும்போதும் வாலை நறுக்கும்போதும் டெட்டனஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரைத் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே நாம் பேசும் ஊசி அதற்கு ஈடாகாது.

மருத்துவர் வருமுன்

ஊசியை நம்பிச் சுத்தத்தைக் கைவிடுவது, மடையைத் திறந்துவிட்டு வரப்புக்கு மண் அணைப்பதைப் போன்றது. நுழையும் கிருமி குறைவாக இருந்தால்தான் ஊசியால் அதை அடக்க முடியும்.

தொழுவத்தில் அறுவை செய்ய நேர்ந்தால் சாணமும் ஈரமும் இல்லாத, நிழலான இடத்தைத் தேர்ந்தெடுக்கவும். அன்று பக்கத்தில் வைக்கோல் உதறுவதும் கதிர் அடிப்பதும் வேண்டாம். கடலோரத் தோப்புகளில் பிற்பகல் கடற்காற்று வீசத் தொடங்கினால் மணலும் சவுக்கு இலையும் பறந்து வரும். முடிந்தால் காலையிலேயே அறுவையை வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளலாம். மாட்டை முந்தைய நாளே குளிப்பாட்டி உலர விடவும். கீறப் போகும் இடத்து மயிரை முந்தைய இரவே சவரக் கத்தியால் மழித்து வைப்பது நல்லதென்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. மழிக்கும்போது தோலில் விழும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் இரவெல்லாம் கிருமி வளர்ந்துவிடும். அறுவைக்குச் சற்று முன் மருத்துவரே மயிரைக் கத்தரித்துக் கொள்வார். கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு வாளி, சோப்பு, துவைத்து வெயிலில் காய்ந்த துணி, மாட்டை நிறுத்திக் கட்ட நல்ல கயிறு, பிடித்துக்கொள்ள இரண்டு ஆட்கள் ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்கவும். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைச் சற்றுத் தள்ளி நிறுத்தவும். தீவனமும் தண்ணீரும் எந்த நேரத்திலிருந்து நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார்.

அவசரமில்லாத அறுவையை ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வைக்காமல் இருப்பது நலம். செங்கல்பட்டு ஏரி மாவட்டம். வடகிழக்குப் பருவமழையில் மதுராந்தகம் பக்கமும் பாலாற்றுக் கழிமுகப் பக்கமும் தொழுவத்துத் தரை வாரக் கணக்கில் காயாது. கன்றின் தொப்புள் குடலிறக்கம் போன்றவை, மருத்துவர் அனுமதித்தால், தை பிறக்கும் வரை காத்திருக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது. கடந்த ஒரு வாரத்தில் யார், என்ன ஊசி போட்டார்கள் என்பதை ஒளிக்காதீர்கள். பக்கத்து ஊர் ஆள் வந்து இரண்டு நாள் ஊசி போட்டிருந்தாலும் சொல்லுங்கள். காலிக் குப்பியைக் காட்டினால் இன்னும் நல்லது. திட்டுவார் என்று பயந்து மறைத்தால், முன்பு போட்டுப் பலிக்காத அதே மருந்தை அவரும் போட நேரும்.

தையல் போட்ட பிறகு

முன்கூட்டிய ஊசியை உரிய நேரத்தில் போட்டு, அறுவையும் சுத்தமாக முடிந்தால், பிறகு நாள்கணக்கில் ஊசி தொடர்வதால் பெரும்பாலும் கூடுதல் பயன் கிடைப்பதில்லை. மனிதருக்கான 2016ஆம் ஆண்டு வழிகாட்டி இதைத் தெளிவாகவே சொல்கிறது. பண்ணைத் தரையில், பெருவயிற்றைத் திறந்து செய்த அறுவைக்கு மருத்துவர் சில நாள் தொடரச் சொல்லலாம். அது அவர் கண்ணால் கண்டு முடிவு செய்ய வேண்டியது. ஆனால் "நீங்கள் மூன்று நாள்தான் போட்டீர்கள், ஏழு நாளாவது போடுங்கள்" என்று நாம் வற்புறுத்துவதில் பொருளில்லை. மாட்டுக்கு ஒவ்வொரு ஊசியும் வலி, நமக்குச் செலவு.

செலவும் வலியும் மட்டுமென்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். தேவையின்றிப் போடும் ஒவ்வொரு ஊசியிலும் பலமற்ற கிருமிகள் சாக, மருந்தைத் தாங்கும் கிருமிகள் மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. மாட்டுக்குப் போடும் பெனிசிலின் வகை மருந்துகளும் நம் குழந்தைக்குப் போடும் மருந்துகளும் ஒரே குடும்பத்தவை. மனிதருக்குக் கடைசிப் புகலிடமாக உள்ள கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் மீன்களுக்கும் தரக்கூடாது என்று இந்திய அரசு 2019இல் தடை விதித்தது இதனால்தான்.

வலிக்குப் போடும் ஊசியிலும் கவனம் தேவை. டைக்குளோபினாக் ஊசி போட்ட மாடு இறந்து, அந்த உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. அதனால் 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. அசெக்குளோபினாக், கீட்டோபுரோபென் ஆகியவையும் 2023இல் தடைப்பட்டியலில் சேர்ந்தன. திருக்கழுக்குன்றத்து மலை மேல் கழுகுகள் வந்து உணவு கொண்டதை நேரில் கண்ட பெரியவர்கள் நம் மாவட்டத்தில் இன்றும் இருக்கிறார்கள். இப்போது அவை வருவதில்லை. அவை வராமல் போனதற்குக் காரணம் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. மாட்டின் தசையில் போட்டது மாட்டோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்காக இதை நினைவூட்டுகிறேன். இன்று மெலாக்சிகாம் போன்ற மாற்று மருந்துகள் கிடைக்கின்றன.

தைத்த இடத்தின் மேல் சாம்பல், சாணம், மண்ணெண்ணெய், வண்டி மசகு எதையும் பூச வேண்டாம். ஈ மொய்த்துப் புழு வைக்காமல் இருக்க மருத்துவர் தரும் மருந்தைச் சுற்றிலும் தடவினால் போதும். நாள்தோறும் காலையில் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்கவும். பசுவுக்கு 101 முதல் 102 டிகிரி வரை இயல்பு. 103க்கு மேல் போனாலும், தையல் ஓரம் சூடாக வீங்கினாலும், நாற்றத்தோடு நீர் வடிந்தாலும், அசை போடுவதை நிறுத்தினாலும் அன்றே சொல்லி அனுப்பவும். தைத்த இடத்தில் முதல் இரண்டு நாள் சிறிதளவு வீக்கம் இருப்பது இயல்பே. அதற்காகக் கலங்க வேண்டாம்.

பாலும் ஊசியும்

ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்து வரும். எத்தனை நாள் வரும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். குப்பியின் மேலோ உள்ளிருக்கும் தாளிலோ அச்சிட்டிருக்கும், இல்லையேல் மருத்துவரைக் கேட்கலாம். அந்த நாள் முடியும் வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றக்கூடாது, வீட்டிலும் குடிக்கக்கூடாது. காய்ச்சினால் மருந்து முழுவதும் போய்விடாது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர் அப்பாலைக் குடித்தால் தடிப்பு, மூச்சுத் திணறல் வரலாம். இத்தகைய பால் ஒரு கேன் கலந்தாலும், தயிராக்கும் நல்ல நுண்ணுயிர்களை மருந்து அடக்கிவிடுவதால் உறை சரியாக விழாமல் போகலாம். உறை விழுந்துவிட்டால் பால் சுத்தம் என்றும் எண்ணிவிடக்கூடாது. அதைவிடக் குறைந்த அளவு மருந்து அதில் இருக்கக்கூடும். மருந்து எச்சம் கண்டதால் வெளிநாடுகளிலிருந்து இறால் திருப்பி அனுப்பப்பட்ட செய்திகளை நம் கடற்கரையோர இறால் வளர்ப்போர் அறிவார்கள். பாலுக்கும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மருந்து எச்சத்துக்கு வரம்பு வைத்துள்ளது.

முன்கூட்டிய ஊசியோடு நிறுத்திக்கொண்டால், பாலைக் கீழே ஊற்றும் நாளும் குறைகிறது. ஏழு நாள் ஊசிக்கு ஏழு நாள் பாலும், அதற்கு மேல் சில நாள் பாலும் போகும். கறவையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு ஒரு மாத மளிகைக் கணக்கில் தெரியும்.

தையலைப் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை ஊசி போட்ட நாள், நேரம், மருந்தின் பெயர், அளவு, கத்தி எடுத்த நேரம் ஆகியவற்றைப் பால் கணக்கு நோட்டிலேயே ஓர் ஓரமாக எழுதி வைக்கவும். காலிக் குப்பியையும் எறியாமல் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, தையல் பிரிக்க வரும் மருத்துவரிடம் கொடுத்துவிடவும்.